தோற்பதற்கென்றே வருகிறவர்கள்

பாலக்கோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் செஸ் பழக வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மற்ற நாட்களில் ஆடுவது செல்போனில்தான். பலகையை விரித்தால் எதிரில் உட்கார ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில், தெருவில், பள்ளியில் அப்படி ஓர் ஆள் கிடைப்பது எங்கள் பக்கத்தில் இன்னும் அபூர்வம். போனில் எந்நேரமும் யாராவது இருப்பார்கள். ஆனால் அந்தப் போன் அப்பாவுடையது. அவர் மண்டியிலிருந்தோ ஓசூர் கம்பெனி ஷிஃப்டிலிருந்தோ வந்து, சாப்பிட்டு, போனைக் கீழே வைத்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரம்தான் பிள்ளையுடைய பங்கு. அந்த அரை மணி நேரத்தில் எதிரில் வந்து உட்கார்ந்து, வேண்டுமென்றே தோற்றுவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். சாண்ட்பேகிங் என்று இதைச் சொல்கிறார்கள். ஏமாற்று வேலையில் இதைச் சின்னது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் வகுப்புக்கு வந்ததும் போனை நீட்டினாள். “சார், இவரு வேணும்னே தோத்துட்டாரு.”

வாங்கிப் பார்த்தேன். பத்து நிமிட ஆட்டம். எதிராளிக்கு வெள்ளைக் காய். ராஜாவுக்கு வலப்பக்கம், பிஷப் முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் விட்டிருக்கிறார். இவள் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் விட்டாள். அடுத்து அவர் அதே பக்கத்துக் குதிரை முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். இவள் ராணியைக் குறுக்காகப் பலகையின் ஓரம் வரைக்கும் கொண்டுபோய் வைத்தாள். செக்மேட். சதுரங்கத்தில் இதைவிடச் சீக்கிரமாகச் செக்மேட் ஆக வழியே கிடையாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ‘இப்படி மட்டும் ஆடிடாதீங்க’ என்று காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான்.

அவளுடைய ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் எண், கூடியிருந்தது. முகத்தில் அது தெரியவில்லை. “நான் யோசிக்கவே இல்ல சார். அவரா குடுத்துட்டுப் போயிட்டாரு” என்றாள்.

எதிராளியின் பக்கத்தைத் திறந்தோம். லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் யார் ஆடிய ஆட்டத்தையும் யாரும் பார்க்கலாம். ரேட்டிங் ஏறி இறங்கிய வரைபடமும் அங்கேயே இருக்கும். மூன்று நகர்த்தலில் தோல்வி, இரண்டு நகர்த்தலில் தோல்வி, நான்காவது நகர்த்தலில் ரிசைன் (தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுவது) என்று வரிசையாகப் போகிறது. ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே கீழே கிடக்கிறார். அப்புறம் ரேட்டிங் வரம்பு வைத்து, அதற்குக் கீழே இருப்பவர்களுக்காக மட்டும் நடக்கும் ஒரு போட்டியில் நுழைகிறார். அங்கே அடுத்தடுத்து வெற்றி. அந்த வெற்றிகளில் ஒன்றைத் திறந்து பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிற யானை எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்து யானைகள் மிஞ்சிய கடைசிக் கட்டம். ராஜாவை நிதானமாக நடுவுக்குக் கொண்டுவந்து, எதிராளியின் யானைக்கு வேலையில்லாமல் செய்து, சிப்பாயை மெல்ல ராணியாக்குகிறார். இரண்டு நகர்த்தலில் செக்மேட் வாங்கியவரும் இவர்தான். இவ்வளவு தெரிந்த மனிதர் பாலக்கோட்டுப் பிள்ளையின் அரை மணி நேரத்தில் வந்து இதைச் செய்திருக்கிறார் என்பதுதான் என்னைக் கோபப்படுத்தியது.

தோற்றவருக்குத்தானே நஷ்டம், நமக்குப் புள்ளி வந்ததே என்று கேட்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ரேட்டிங் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ரேட்டிங் என்பது ஒரு கணிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே எண் என்றால் வெற்றி வாய்ப்பும் சரிபாதி. 200 புள்ளி மேலே இருப்பவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 எடுப்பார். வித்தியாசம் 400 ஆனால் 91, 92 வரைக்கும் போகும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ வகுத்த முறை இது. 1970-ல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே இதை ஏற்றுக்கொண்டது. இணையத் தளங்கள் இதன் அடுத்த தலைமுறைக் கணக்குகளை வைத்திருக்கின்றன. செஸ்.காம் கிளிக்கோ முறையில் கணக்குப் போடுகிறது, லிசெஸ் கிளிக்கோ-2. இவை ஒருவரின் எண்ணோடு, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே வைத்திருக்கும். லிசெஸில் சிலருடைய ரேட்டிங் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இவருடைய பலம் எங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று தளம் சொல்வதுதான் அது.

இந்தக் கணிப்பில் ஒருவர் பொய்யைக் கலந்தால் என்ன ஆகும்? 1800 பலம் உள்ளவர் வேண்டுமென்றே தோற்றுத் தோற்று 1200-க்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். உண்மையாகவே 1200-ல் இருக்கிற பிள்ளை அவரோடு உட்கார்ந்தால் நூறு ஆட்டத்தில் மூன்றை எடுப்பதே பெரிய விஷயம். திரையோ இருவரும் சமம் என்று காட்டுகிறது. பிள்ளை தோற்றால், சமமானவரிடம் தோற்றதற்கு உரிய புள்ளி முழுதாகப் போகும்.

எவ்வளவு போகும் என்பதை ஃபிடே கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். 18 வயதுக்கு உட்பட்ட, 2300-க்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரருக்கு, ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் கே என்னும் பெருக்கெண் 40. தனக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி இறங்கும். தன்னைவிட 400 புள்ளி மேலே உள்ளவரிடம் தோற்றால் இறங்குவது 3.2 புள்ளி மட்டுமே. தோல்வி ஒன்றுதான், எதிராளி தன் பலத்தை மறைத்ததால் பிள்ளை தரும் விலை ஆறு மடங்காகிறது. பிறகு அந்தப் பிள்ளை தன் உண்மையான பலத்துக்குக் கீழே இறங்கி, அங்கே இருக்கிற இன்னும் சிறிய பிள்ளைகளை அடிக்கும். யாருமே பொய் சொல்லாத ஆட்டங்களிலும் அந்த முதல் பொய் தொடர்ந்துகொண்டே போகும். வேண்டுமென்றே தோற்றவரிடம் புள்ளி வாங்கிய பிள்ளைக்கு இதன் மறுபக்கம்: இல்லாத பலத்துக்கு ஓர் எண் வந்துவிடும், அடுத்த சில நாட்கள் தன்னைவிடப் பலமானவர்களிடம் காரணம் புரியாமல் அடி வாங்கும்.

எங்கள் ஊர்த் தக்காளி மண்டியில் கூடையின் மேலாக நல்ல பழத்தை அடுக்கிவிட்டு அடியில் சொத்தையை மறைக்கிற ஆட்கள் உண்டு. இவர்கள் செய்வது அதைத் தலைகீழாக. மேலே சொத்தையைக் காட்டி, நல்லதை அடியில் வைக்கிறார்கள். வாங்குகிறவர் ஏமாறுவது இரண்டிலும் ஒன்றுதான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பரிசு ஒரு காரணம். இந்தியாவில் 1600-க்குக் கீழே, 1800-க்குக் கீழே என்று வரம்பு வைத்துப் பெரிய பரிசுத்தொகையோடு போட்டிகள் நடக்கின்றன. கிராண்ட்மாஸ்டர்களோடு மோத முடியாதவர்களுக்கும் ஒரு மேடை வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தவைதான். ஆனால் ஒரு பிரிவில் பணம் பெரிதாக இருந்து, அதற்கு மேல் பிரிவில் ஜெயிக்கிற வாய்ப்புச் சிறிதாக இருந்தால், மேலே ஏறாமல் இருப்பதே சிலருக்கு லாபமாகிவிடுகிறது. இணையத்தில் பரிசு பெரும்பாலும் ஒரு சின்னக் கோப்பைப் படம்தான். அதற்காகவும் செய்கிறார்கள்.

இன்னொரு வகை, சின்னவர்களை அடித்து நொறுக்குவதிலேயே திருப்தி காண்கிறவர்கள். இவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. தன் நிலையில் உள்ளவரோடு ஆடினால் பாதி ஆட்டம் தோற்க வேண்டும், அதைத் தாங்க முடியாது. அதனால் கீழே இறங்கி வந்து, எதுவும் தெரியாதவர்களைப் பத்து ஆட்டம் அடிக்கிறார்கள். மூன்றாவது வகை நண்பனுக்கோ தன்னுடைய இரண்டாவது கணக்குக்கோ புள்ளி தானம் செய்பவர்கள். பள்ளிப் பிள்ளைகளிடமே இது உண்டு. “நான் உனக்கு மூணு தோக்குறேன், நீ எனக்கு ரெண்டு தோத்துக்குடு” என்று பேசி வைத்துக்கொண்டு ஆடியதைப் பார்த்து, அன்றைய வகுப்பில் ஓப்பனிங் பாடத்தை நிறுத்திவிட்டு இதைப் பற்றியே பேசினேன். அவர்களுக்கு அது தப்பு என்றே தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் புரிந்துகொண்டார்கள்.

அதே சமயம், சீக்கிரம் தோற்றவர்கள் எல்லாரும் இந்தக் கூட்டம் இல்லை. சித்தேரி மலைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஆடுகிற பையன் ஒருவனுக்கு ஆட்டத்தின் நடுவே சிக்னல் போய்விடும். எதிராளி கண்ணுக்கு அவன் ஓடிப்போனவன். டவுன் பஸ்ஸில் ஆடிக்கொண்டே வந்து இறங்க வேண்டிய இடம் வந்ததும் ரிசைன் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் போகும். அம்மா கூப்பிடுவார். மூன்று வயசுத் தம்பி திரையைத் தடவி ராணியைக் கொடுத்துவிடுவான். தொடர்ந்து தோற்றதில் வெறுப்பாகிக் கண்டபடி காயைத் தள்ளுகிறவரும் உண்டு. அவர் அந்த நேரத்தில் ஆடாமல் தூங்கப் போயிருக்கலாம், ஆனால் அவரிடம் திட்டம் எதுவும் கிடையாது. அதனால் ஓர் ஆட்டத்தை வைத்து யாரையும் முடிவு கட்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டியது வரிசை. மிகச் சீக்கிரமான தோல்விகள் அடுத்தடுத்து வருகின்றனவா, அதற்குப் பிறகு வரம்புள்ள போட்டியில் வேறொரு ஆளாக ஆடுகிறாரா, ஒரே கணக்கிடம் திரும்பத் திரும்பத் தோற்கிறாரா. இந்த மூன்றில் ஒன்றாவது தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்த பேச்சு.

தோற்பது ஆட்டக்காரரின் சொந்த உரிமைதானே என்று கல்லூரி படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் வாதாடினார். அவருக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்ஸை நினைவுபடுத்தினேன். பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனில் சீன ஜோடி ஒன்று, இந்தோனேசிய ஜோடி ஒன்று, தென்கொரிய ஜோடிகள் இரண்டு, ஆக எட்டு வீராங்கனைகள் லீக் ஆட்டங்களில் ஜெயிக்க முயலவே இல்லை. அடுத்த சுற்றில் தங்களுக்கு வசதியான எதிராளி வர வேண்டும் என்பது கணக்கு. சர்வீஸை வலையில் அடித்தார்கள், எடுக்கக்கூடிய பந்தை விட்டார்கள். அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் போட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். மறுநாள் எட்டுப் பேரையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள். ஜெயிக்க முழு முயற்சி செய்யாததே குற்றச்சாட்டு. உலகத் தரத்தில் ஆடுகிறவர்களுக்கே அந்த விதி என்றால், செல்போனில் ரேட்டிங் போட்டு ஆடுகிறவருக்கும் அதுதான். ரேட்டிங் ஆட்டத்துக்குச் சம்மதித்து உள்ளே வந்த பிறகு, ஜெயிக்கப் பார்ப்பது எதிராளிக்குத் தர வேண்டிய மரியாதை. விளையாட்டுக்குத் தோற்க ஆசை என்றால் ரேட்டிங் இல்லாத ஆட்டம் என்று தனியாகவே இருக்கிறது, அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பிள்ளைக்காகத் தோற்றுக் கொடுப்பது இதோடு சேராது. அங்கே எண் இல்லை, ஏமாற்று இல்லை, அன்பு மட்டும்தான். இருந்தாலும் என்னைக் கேட்டால் அதையும் வேறு மாதிரி செய்யச் சொல்வேன். உங்கள் பக்கம் ஒரு யானையையோ ராணியையோ ஆரம்பத்திலேயே வெளியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சக் காய்களோடு முழு மூச்சாக ஆடுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பெரிய ஆட்டக்காரர்கள் இதைச் சாதாரணமாகச் செய்தார்கள். அமெரிக்காவின் பால் மார்ஃபி தன்னைவிடப் பலம் குறைந்தவர்களோடு யானை இல்லாமலும் குதிரை இல்லாமலும் ஆடியிருக்கிறார். பட்டுக்கூடு வியாபாரம் செய்யும் ஓர் அப்பா இதை ஆரம்பித்து, முதலில் ராணி இல்லாமல், அப்புறம் யானை இல்லாமல், பிறகு குதிரை இல்லாமல் என்று மகனோடு ஆடி வந்தார். இப்போது முழுக் காய்களோடு ஆடுகிறார்கள். அந்தப் பையன் ஜெயிக்கிற ஒவ்வொரு ஆட்டமும் அவன் ஜெயித்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சரி, எதிரில் அப்படி ஓர் ஆள் வந்துவிட்டார். என்ன செய்வது? ஆட்டத்தை ஒழுங்காக முடிக்க வேண்டும். அவர் காயைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். அதில் தப்பு இல்லை. பதிலுக்கு நாமும் வேண்டுமென்றே தோற்பது, அவரைத் திட்டி மெசேஜ் அனுப்புவது, நேரம் ஓடட்டும் என்று சும்மா உட்கார்வது எதுவும் வேண்டாம். திட்டினால் புகார் நம் பேரில் திரும்பும். மறு ஆட்டத்துக்கு அவர் கூப்பிட்டால் போகக் கூடாது. இதைத்தான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சும்மா வருகிற புள்ளிக்கு மனசு இழுக்கும். பிறகு அவருடைய ஆட்ட வரிசையைப் பார்த்து, சந்தேகம் உறுதியானால் புகார் பொத்தானை அழுத்தி, இரண்டு மூன்று ஆட்டங்களின் இணைப்போடு எழுத வேண்டும். ‘இவர் ஏமாற்றுக்காரர்’ என்று மட்டும் எழுதினால் பார்க்கிறவருக்கு உதவாது. ‘இந்த ஆட்டங்களில் நான்கு நகர்த்தலுக்குள் தோற்றிருக்கிறார், இந்தப் போட்டியில் இப்படி ஆடியிருக்கிறார்’ என்று எழுதினால் வேலை சுலபம். கடைசியாக அவரை பிளாக் செய்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப நம் வழிக்கு வரமாட்டார்.

தளங்களும் சும்மா இல்லை. லிசெஸில் சில நகர்த்தலுக்குள் அடுத்தடுத்துத் தோற்றால் தானாகவே எச்சரிக்கை வரும். ரேட்டிங் ஆட்டம் ஒவ்வொன்றிலும் ஜெயிக்க முயல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். செஸ்.காம் விதிகளும் ரேட்டிங்கைத் திட்டமிட்டு ஏற்றுவதையும் இறக்குவதையும் தடை செய்கின்றன. மேலே ஒரு வாரம் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. லிசெஸில் வரம்புள்ள போட்டிக்குள் நுழைய இன்றைய ரேட்டிங் மட்டும் போதாது. கடந்த ஒரு வாரத்தில் தொட்ட உச்ச ரேட்டிங்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். காலையில் பத்து ஆட்டம் தோற்றுவிட்டு மாலையில் போட்டிக்கு வர முடியாது. பொறுமையாக ஒரு வாரம் தோற்கத் தயாராக இருக்கிறவரை மட்டும் இது தடுக்காது.

அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு இதை இன்னும் கடுமையாகச் செய்திருக்கிறது. ஒருவர் தொட்ட உச்சத்திலிருந்து 200 கழித்து, கடைசி இரண்டு இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கினால் வருவது அவருடைய தரைமட்டம். 1750 தொட்டவர் அதற்குப் பிறகு எத்தனை ஆட்டம் தோற்றாலும் 1500-க்குக் கீழே இறங்க முடியாது. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. வயதாகி ஆட்டம் உண்மையாகவே தளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் பிள்ளைகள் பக்கம் நின்று பார்த்தால் அந்த அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன இணையப் போட்டிகளுக்கு இதையே கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டோம். 1300-க்குக் கீழே என்றால், கடந்த ஓர் ஆண்டில் ஒருமுறைகூட 1300-ஐத் தாண்டாதவர். அந்தப் பிரிவில் பணப் பரிசு வைப்பதில்லை. பரிசு வாங்கும் பிள்ளையின் ஓர் ஆட்டத்தை மூத்த ஆட்டக்காரர் ஒருவர் எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுக்க அலசிக் கொடுப்பார். பணம் இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று முதலில் பயந்தவர்களும் எங்களில் உண்டு. பிள்ளைகள் வந்தார்கள். ரேட்டிங் வரம்போடு போட்டி நடத்தும் மற்ற ஊர்ப் பயிற்சியாளர்களும் இந்த ஓராண்டு உச்சக் கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிவு செய்யும்போது பயனர் பெயரை வாங்கினால் போதும், வரைபடத்தை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பெற்றோர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். “சார், அந்த ஆட்டத்துல ஜெயிச்சது எங்க பாப்பாதான். நாமளே போய்ப் புகார் பண்ணா, அவ மேல ஏதாவது வந்துடாதுங்களா?” வராது. அவள் தன் ஆட்டத்தை நேர்மையாக ஆடியிருக்கிறாள். எதிராளி திட்டத்தோடு தோற்றதற்கு அவள் பொறுப்பில்லை. ஒரே ஆளிடம் பேசி வைத்துத் தொடர்ந்து புள்ளி வாங்கினால்தான் இரண்டு கணக்கும் மாட்டும். புகாரைப் படிப்பது தளத்தின் கண்காணிப்பாளர்கள். போனைப் பிள்ளை கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் சொல்லச் சொல்லி, ஆங்கிலத்தில் நீங்களோ வீட்டில் பெரிய பிள்ளையோ சேர்ந்து தட்டச்சு செய்யுங்கள். நான்கு வரி போதும். யாரும் கிடைக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் இணைப்போடு வகுப்புக்கு வாருங்கள், சேர்ந்து எழுதி அனுப்பிவிடலாம்.